பிரேக் பிடித்த விவரம்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை நலம். இந்த வரிசையில் மூன்றாவதாக 'வண்டியும் நலம்' என்று எழுதும் தகுதி இன்று காலை பத்தே முக்காலுக்குத்தான் எனக்குக் கிடைத்தது. அங்கே நீங்களும், உங்களுக்கு மனைவியாகவும் எங்களுக்கு மகளாகவும் இரட்டைப் பதவி வகிக்கும் பாப்பாவும் சளி, இருமல், மேலதிகாரி முதலிய தொல்லைகள் எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் 'மாமா, ஒரு நிமிஷம் மாமா' என்று மூன்று முறை குறுக்கே வருகிறீர்கள். குற்றம் சொல்லவில்லை. நீங்கள் வண்டிப் பணிமனையில் மேற்பார்வையாளர். தப்பு நடக்கும் முன்பே தடுப்பது உங்கள் தொழில். நான் அச்சகத்தில் முப்பத்து நான்கு வருடம் பிழை திருத்தியவன். தப்பு நடந்து முடிந்த பிறகுதான் எனக்கு வேலையே. வருகிற இருபதாம் தேதி லீவு போட்டு வந்து வண்டியை எடுத்துப்போய் யார் தலையிலாவது கட்டிவிடப் போவதாகப் பாப்பாவிடம் சொன்னீர்களாம். அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். முழுக்கப் படியுங்கள். நடுவில் பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள், எனக்குக் கேட்காது.

முதலில் என் பக்கத்துப் பிழையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டு மாதமாக உங்கள் அத்தை சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். வண்டி ஓட்டத் தெரியாதவள், பக்கத்து இருக்கையில் மடியில் பையை வைத்துக்கொண்டு வருகிறவள், ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது, "ஏங்க, உங்க முழங்கால் இறங்குது" என்றாள். "அறுபத்தாறு வயசுல முழங்கால் இறங்காம ஏறுமா?" என்றேன். "அதில்லீங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டு நிக்கிறீங்க இல்ல, அப்ப கொஞ்சங் கொஞ்சமா கீழ போகுது. போன மாசம் இவ்வளவு போகல" என்றாள். முப்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவள் அவள். கால் எங்கே இருக்க வேண்டும், எங்கே போகிறது என்பதெல்லாம் அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். இது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது நான், "நீ எல்லாத்துக்கும் பயப்படுவ. வண்டி சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் கடைத்தெரு. வளைவில் திரும்பி வேகத்தைக் குறைக்கலாம் என்று மிதித்தால் பெடல் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கித் தரையைத் தொட்டுவிட்டது. வண்டி நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வண்டி முனகிக்கொண்டே போய் ஒரு பாத்திரக்கடை வாசலில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் வாளிகளுக்குள் புகுந்து நின்றது. பதினோரு வாளி தெருவில் உருண்டது. கூட்டம் சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்துச் சமாளித்தேன். அப்போதுதான் முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு மர ஸ்டூல் நொறுங்கிக் கிடப்பதைப் பார்த்தேன். கடைக்காரம்மா உட்காரும் ஸ்டூல். உள்ளே போன் அடிக்கிறதென்று ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் எழுந்து போனாராம். மாப்பிள்ளை, அந்தப் போனில் பேசியவர் யாரென்று எனக்குத் தெரியாது; தெரிந்தால் போய்க் காலில் விழுந்திருப்பேன். உங்கள் அத்தை அந்த ஸ்டூலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு இறங்கி வீடு வரைக்கும் நடந்தே போய்விட்டாள். நான் முதல் கியரில், ஹேண்ட் பிரேக்கை ஒரு கையில் பிடித்தபடி, கட்டெறும்பு வேகத்தில் வந்து சேர்ந்தேன்.

அன்றோடு பேச்சு நின்றது. சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை, அழவில்லை, கதவைச் சாத்தவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரில் தொங்கும் காலண்டரிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "சாப்பாடு ஆறுது" என்பாள் காலண்டரிடம். "துணி காஞ்சிருச்சு, எடுக்கிறவங்க எடுக்கலாம்" என்பாள் காலண்டரிடம். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாளைக்கு நூறு 'ஏங்க' கேட்டுப் பழகிய காது இது. நாலாம் நாள் எனக்கே காது அடைத்துவிட்டதோ என்று சந்தேகம் வந்து விரலை விட்டுப் பார்த்தேன். ஆறாம் நாள் காலண்டருக்கு ஒரு தகவல் வந்தது: "சரியாத்தான் இருக்குன்னு யார் சொன்னாலும் இனிமே நான் அந்த வண்டியில ஏறப் போறதில்ல." வண்டியில் ஏறாததைப் பற்றி எனக்குக் கவலையில்லை மாப்பிள்ளை, பஸ் இருக்கிறது. 'யார் சொன்னாலும்' என்றாளே, அதுதான் நெஞ்சில் தைத்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், இந்தப் பிரேக்கை என் கையாலேயே சரி செய்வதென்று.

மெக்கானிக்கிடம் போகாமல் இல்லை. அவரை நாங்கள் 'நாளைக்கு' என்றுதான் அழைப்பது, காரணம் அவரே சொல்வார். "வண்டியைக் கொண்டாங்க சார், நாளைக்கே பாத்துரலாம்" என்றார். "பிரேக் இல்லாத வண்டியை எப்படிப்பா ஓட்டிட்டு வர்றது?" என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பிரேக்கைச் சரி பண்ணிட்டுக் கொண்டாங்க" என்றார். கட்டி இழுத்துப் போகலாமென்றால் அதற்குள் எங்கள் தெருவைக் குடிநீர்க் குழாய்க்காக நீளத்துக்கும் வெட்டிப் போட்டிருந்தார்கள். வீட்டு வாசலுக்கும் உலகத்துக்கும் நடுவில் ஒரு ஆள் ஆழத்துக்குப் பள்ளம்.

அதன் பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன். ஆயில் குறையவில்லை, எங்கேயும் ஒழுகவில்லை, ஆனால் பெடல் மட்டும் இறங்குகிறது என்றதும், பார்க்காமலேயே, "மாஸ்டர் சிலிண்டர் மாமா. உள்ள ரப்பர் தேஞ்சிருக்கும். நீங்க தொடாதீங்க. பிரேக் விளையாட்டில்ல, உயிர் சம்பந்தப்பட்டது" என்றீர்கள். உயிர் சம்பந்தப்பட்டது என்பது எனக்கு ஸ்டூலைப் பார்த்த அன்றே தெரியும். நான் விடுவதாக இல்லை என்று தெரிந்ததும் நீங்கள் விட்ட பெருமூச்சில் போன் சூடாகிவிட்டது. இருந்தாலும் நாலே நாளில் புது சிலிண்டர், இரண்டு டப்பா ஆயில், குழாய் நட்டுக்கென்று ஒரு ஸ்பேனர், கூடவே உங்கள் கையெழுத்தில் பன்னிரண்டு குறிப்புகள் கொண்ட நாலு பக்கம் எல்லாம் பார்சலில் வந்து இறங்கின. அந்த நன்றியை நான் மறக்கவே மாட்டேன். ஆனால் மாப்பிள்ளை, அந்த நாலு பக்கத்தில் வல்லினம் மிக வேண்டிய பதினேழு இடங்களில் மிகவில்லை. 'சிலிண்டர்' ஆறு இடத்திலும் 'சிலின்டர்' நாலு இடத்திலும் வருகிறது. பழக்க தோஷம், சிவப்பு மையை எடுத்துத் திருத்திவிட்டேன். போகிற போக்கில் நாலாம் குறிப்பில், 'புது சிலிண்டரை வண்டியில் மாட்டும் முன்பே ஆயில் ஊற்றித் தண்டை அழுத்தி ஏர் (உள்ளிருக்கும் காற்று) எடுக்கவும்' என்றிருந்தது. பதினோராம் குறிப்பில், 'மாட்டிய பின் நாலு சக்கரத்திலும் ஏர் எடுக்கவும்' என்றிருந்தது. ஒரே காரியத்தை இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறாரே, கூறியது கூறல் என்னும் குற்றமாயிற்றே என்று நாலாம் குறிப்பை அழகாக ஒரு கோடு போட்டு அடித்துவிட்டேன். உங்களைத் திருத்திய பெருமையில் அன்றைக்கு இரண்டு கை சோறு கூடுதலாக இறங்கியது.

முதல் நாள் வேலை பிரித்தெடுப்பது. ஷெட்டில் சாக்கு விரித்தேன், மூக்குக்கண்ணாடிக்கு நூல் கட்டிக் கழுத்தில் மாட்டினேன், பானட்டைத் திறந்தேன். ஊசி போடும் குழலால் பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்தேன். காப்பி நிறத்தில் இருந்தது. இரண்டு குழாய் நட்டுகளில் ஒன்று உடனே கழன்றது. இன்னொன்று, எத்தனை வருடம் அங்கேயே குடியிருந்ததோ, அசைவேனா என்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரைத் தொங்கிப் பிடித்து இழுப்பதை எதிர்வீட்டு மாடியிலிருந்து பல் டாக்டர் பார்த்திருக்கிறார். மாடியில்தான் அவருக்குக் கிளினிக்; ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில் பால்கனியில் நின்று தெருவைப் பார்ப்பார். பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகையில் நடந்து வெள்ளைக் கோட்டோடு வந்துவிட்டார்.

"என்ன சார், எது ஆடுது?"

"எதுவுமே ஆட மாட்டேங்குது டாக்டர். அதான் பிரச்சினை."

"இப்படி இழுத்தா உடைஞ்சு வேர் உள்ளயே நின்னுரும். முதல்ல இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். கடைவாய்ப் பல்லை எடுக்கிற மாதிரி."

அப்படியே செய்தேன். நட்டு ஒரு சின்னச் சத்தம் போட்டுக் கழன்றது. டாக்டர் என்னைவிட அதிகமாக மகிழ்ந்தார். சிலிண்டரைப் பூஸ்டர் என்னும் பெரிய உருண்டை டப்பாவோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டில் ஒன்று பின்னால் ஒளிந்திருக்கிறது என்றதும் ஓடிப்போய் வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைக் கொண்டுவந்து, "இன்னும் பெருசா திறக்க முடியுமா?" என்று வழக்கம்போல் கேட்டுவிட்டு, பானட் என்று நினைவு வந்து சிரித்தார். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அந்த நட்டையும் எடுத்தோம். பழைய சிலிண்டர் கையோடு வந்தது. வரும்போது நாலு சொட்டு ஆயிலை மட்கார்டில் சிந்திவிட்டு வந்தது. நானும் டாக்டரும் எங்கள் வெற்றியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் அத்தை ஒரு ஈரத்துணியோடு வந்து, யாரையும் பார்க்காமல், மட்கார்டை மூன்று முறை துடைத்துவிட்டு உள்ளே போனாள். ஆயில் பட்டால் பெயின்ட் உரியும், உடனே தண்ணீர் போட்டுத் துடைக்க வேண்டும் என்பது உங்கள் ஆறாம் குறிப்பு. ஆக, அவளும் படித்திருக்கிறாள்! அன்றைக்கு எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இரண்டாம் நாள் புது சிலிண்டரை மாட்டினேன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஏர் எடுப்பதுதான் பாக்கி. அதற்கு இரண்டு பேர் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்துப் பக்கம் படுத்து நிப்பிள் என்னும் குட்டித் திருகைத் திறந்து, காற்று வெளியேறியதும் மூட, அதன் பிறகுதான் மிதித்தவர் காலை எடுக்க வேண்டும். மூடும் முன் காலை எடுத்தால் வெளியே போன காற்று இருமடங்காக உள்ளே வரும். எனக்கோ வீட்டில் காலண்டரைத் தவிர யாரும் பேச்சுத்துணை இல்லை. ஒரு மூங்கில் கம்பை எடுத்துப் பெடலுக்கும் இருக்கைக்கும் நடுவில் முட்டுக்கொடுத்துவிட்டுப் போய்ச் சக்கரத்தடியில் படுத்தேன். கம்பு வழுக்கி ஹாரன் மேல் சாய்ந்தது. தெரு முழுக்க அலறல். நான் அடியிலிருந்து எழ முயன்று தலையை இடித்துக்கொண்டதில் இன்னும் இரண்டு நிமிடம் கூடுதலாக அலறியது. பல் டாக்டர் ஓடிவந்தார். அவருடைய நோயாளி ஒருவர் பயத்தில் அவர் விரலைக் கடித்துவிட்டாராம்.

"நான் மிதிக்கிறேன் சார், நீங்க அடியில போங்க" என்றார் பெருந்தன்மையாக, விரலை உதறிக்கொண்டே. நல்ல மனிதர். ஆனால் அவருடைய கால், பல் குடையும் மெஷினின் பெடலில் பழகிய கால். டக்கென்று மிதிக்கும், டக்கென்று எடுக்கும். நான் "பிடிங்க" என்பதற்குள் எடுத்துவிடுவார். குழாய் வழியாகப் போன குமிழியெல்லாம் திரும்பி வந்தது. அரை டப்பா ஆயில் தீர்ந்தது, பெடல் மட்டும் தரையை விட்டு எழவில்லை.

அப்போது ஜன்னலில் ஒரு குரல் கேட்டது. என்னிடம் இல்லை, டாக்டரிடம்.

"டாக்டர், முப்பது வருஷம் மெஷின் மிதிச்ச கால் ஒண்ணு இந்த வீட்டுல இருக்கு. கேக்கிறவங்க கேட்டா வரும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சாக்கின் மேல் மல்லாந்து கிடந்தேன், நெற்றியில் புடைப்பு, காதில் ஆயில். "கேளுங்க சார்" என்றார் மெதுவாக. மாப்பிள்ளை, முப்பத்து நான்கு வருடத்தில் ஆயிரக்கணக்கான பேருடைய பிழையைத் திருத்தியிருக்கிறேன். என் பிழையை நான் வாய்விட்டுச் சொன்னதாக நினைவில்லை. எழுந்து ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன்.

"நீ சொன்னது சரி" என்றேன். "அன்னைக்கே பிரேக் சரியில்ல. நீ ரெண்டு மாசமா சொன்ன. நான் கேக்கல. அந்தம்மா எந்திரிச்சுப் போகாம இருந்திருந்தா..."

உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. வந்து வண்டியில் ஏறி, என் இருக்கையில் உட்கார்ந்து, புடவைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு பெடலில் கால் வைத்தாள். ஆனால் நேரே பேசும் அளவுக்கு இன்னும் வரவில்லை. நான் அடியிலிருந்து "அழுத்தச் சொல்லுங்க டாக்டர்" என்பேன். டாக்டர் "அழுத்தச் சொல்றாரும்மா" என்பார். அவள் "அழுத்தியாச்சுன்னு சொல்லுங்க" என்பாள். டாக்டர் குனிந்து "அழுத்தியாச்சாம் சார்" என்பார். நான் திறந்து மூடி, "விடலாம்னு சொல்லுங்க" என்பேன். இப்படியே ஒரு சக்கரம் முடிய அரை மணி நேரம் ஆனது. இரண்டாவது சக்கரத்தில் நான் நிப்பிளை மூடும் முன்பே டாக்டரின் போன் அடிக்க, அவர் அதில் யாரிடமோ "விடுங்க, விடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். நான் பதறிவிட்டேன். அந்த 'விடுங்க' அவளுக்கென்று நினைத்துக் காலை எடுத்துவிடுவாள் என்று பயந்து "ஐயோ!" என்று கத்த, அவளும் மேலேயிருந்து கத்தினாள்:

"ஏங்க, நான் விடல! நீங்க சொல்லாம நான் விடமாட்டேன்! நீங்க மூடுங்க முதல்ல!"

பதினேழு நாளுக்குப் பிறகு வந்த 'ஏங்க' அது. நிப்பிளை மூடிவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தேன். டாக்டர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, "அப்ப நான் தேவையில்லன்னு நினைக்கிறேன்" என்று சொல்லிப் பலகை வழியாகக் கிளினிக்குக்குப் போய்விட்டார். அடுத்த இரண்டு சக்கரமும் அரை மணி நேரத்தில் முடிந்தது. "அழுத்து." "அழுத்திட்டேன்." "பிடி." "பிடிச்சிருக்கேன்." "விடு." இத்தனை வருட இல்லறத்தில் இவ்வளவு தெளிவாக நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

முடிந்தது என்று நினைத்து எழுந்தேன். அவள் மட்டும் இறங்கவில்லை. பெடலை மெல்ல மெல்ல மிதித்துப் பார்த்தாள். "இன்னும் பஞ்சு மாதிரி இருக்குங்க" என்றாள். "அடியில இல்ல, எடுத்த எடுப்புலயே. மிதிக்க ஆரம்பிக்கிற இடத்துல காத்து இருக்கு." சக்கரத்தில் இருக்கும் என்றேன். "சக்கரத்துல இருந்தா இப்படித் தெரியாது. கிட்டக்க எங்கயோ இருக்கு" என்றாள். அப்புறம் என்னை நேராகப் பார்த்து, "நாலாவது குறிப்புல இருந்ததைச் செஞ்சீங்களா?" என்றாள்.

நான் வானத்தைப் பார்த்தேன்.

"கோடு போட்டிருந்துச்சே. முடிச்சுட்டு அடிச்சீங்களா, முடிக்காமயே அடிச்சீங்களா?"

அன்றைக்கு இரண்டாம் முறையாக ஒப்புக்கொண்டேன். முதல் தடவை கஷ்டமாக இருந்தது. இரண்டாவது தடவை பழகிவிட்டது. கூறியது கூறல் என்று நினைத்ததாகச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "மாப்பிள்ளை ரெண்டு தடவை சொன்னா ரெண்டு தடவை செய்யணும்னு அர்த்தம். நான்கூட ஒரே விஷயத்தை ரெண்டு மாசம் சொன்னேன்" என்றாள். மாப்பிள்ளை, அடித்த கோட்டின் கீழே புள்ளி வைத்தால் 'இருக்கட்டும்' என்று அச்சகத்தில் அர்த்தம். உங்கள் நாலாம் குறிப்பின் கீழே அன்றைக்குப் புள்ளி வைத்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு புள்ளி.

மூன்றாம் நாளான இன்று காலை, மாட்டிய சிலிண்டரைத் திரும்பக் கழற்றினோம். 'கழற்றினேன்' என்று எழுதி அடித்துவிட்டுக் 'கழற்றினோம்' என்று எழுதியிருக்கிறேன், கவனிக்கவும். அதைத் தையல் மேசையின் ஓரத்தில் வைத்து இறுக்கிக் கட்டினாள். இரண்டு துளையிலிருந்தும் ஆயில் திரும்ப டப்பாவுக்கே போவதற்கு மெல்லிய குழாய் வேண்டுமே என்றதும், பல் டாக்டர் எச்சில் உறிஞ்சும் புதுக் குழாய் இரண்டைக் கொண்டுவந்தார். கூடவே ஆயில் சிந்தாமலிருக்க நோயாளிகள் கழுத்தில் கட்டும் துண்டு ஒன்று. நான் திருப்புளியால் தண்டை அழுத்த அழுத்த, முத்து முத்தாகக் காற்று வந்தது. "இன்னும் வருது. இன்னும் வருது" என்றாள் உங்கள் அத்தை, குழாயை விட்டுக் கண்ணை எடுக்காமல். இருபது நிமிடம் கழித்து நின்றது. "ஒண்ணுகூட வரல. பத்து தடவை பாத்துட்டேன்" என்றாள். பதினோராவது தடவையும் அழுத்தச் சொன்னாள். பிறகு வண்டியில் மாட்டி, நாலு சக்கரத்திலும் முறைப்படி மறுபடி ஏர் எடுத்தோம்.

அவள் போய் உட்கார்ந்து மிதித்தாள். பெடல் பாதிகூட இறங்கவில்லை. கல் மாதிரி நின்றது. காலை எடுக்காமல் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். அறுபது வரை போதும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அவள் நூற்றைத் தாண்டினாள். இருநூறில் நிறுத்தி, எட்டித் தன் முழங்காலைத் தானே பார்த்து, "இறங்கல" என்றாள். அப்போது மணி பத்தே முக்கால்.

குழாய்க்காரர்கள் புண்ணியத்தில் நேற்று இரவோடு பள்ளம் மூடப்பட்டிருந்தது. முதலில் நான் மட்டும் வண்டியை வாசலில் பத்தடி ஓட்டி நிறுத்தினேன், பின்னால் ஓட்டி நிறுத்தினேன். அப்புறம் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் சரிவுப் பாதையை நினைத்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை. வா என்று கூப்பிடும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். "நீங்க சரியா இருக்குன்னு சொன்னதுக்காக ஏறல. நான் மிதிச்சுப் பாத்தேன், அதனால ஏறுறேன்" என்றாள். "போதும்" என்றேன். உண்மையில் அதுவே அதிகம்.

சரிவில் ஆள் நடமாட்டமே இல்லை. பாதி தூரம் போனதும் "நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். வண்டி மூக்கைத் தாழ்த்தி நின்றது. "போங்க" என்றாள். போனேன். "நிறுத்துங்க." நின்றது. இப்படி ஏழு முறை. ஏழாவது முறை என் கால் நடுங்குவதைப் பார்த்து, "அது பிரேக் இல்ல, நீங்கதான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். கடைத்தெருவில் சிரித்த சிரிப்பு இல்லை இது. திரும்பும் வழியில், மெக்கானிக் 'நாளைக்கு' தன் கடை வாசலில் நின்று எங்கள் வண்டியைப் பார்த்தார். "அட, பிரேக் பிடிக்குதே சார்! இப்ப கொண்டாங்க, நாளைக்கே பாத்துரலாம்" என்றார்.

ஆகவே மாப்பிள்ளை, வண்டியை எடுத்துப் போக நீங்கள் வரவேண்டாம். எங்களைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். பாப்பா பயப்படுகிறாள் என்று தெரியும். அவளிடம் சொல்லுங்கள், இந்த வண்டியில் இனிமேல் ஒரு நட்டைக்கூடத் தொடமாட்டேன் என்று அவளுடைய அம்மாவுக்கு இன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஸ்பேனர்களைத் துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரண் மேல் போட்டாயிற்று. என் வாக்கு இந்த விஷயத்தில் அசையாது.

உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் அதைவிட நீண்ட பொறுமையும் வாய்க்கட்டும். நீங்கள் எழுதும் குறிப்புகள் எல்லாம் எழுதியபடியே நிறைவேறட்டும் என்று மனமார வாழ்த்துகிறோம். உங்கள் அத்தையும் பல் டாக்டரும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பணிவுள்ள
மாமா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட இருவருமாக வண்டியிலேயே கிளம்பினோம். தெருமுனையில் கியர் மாற்றக் கிளட்சை மிதித்தேன். போய்ப் படுத்துக்கொண்டது, எழவே இல்லை. பிரேக் பிரமாதமாகப் பிடித்தது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் ஒரு நோயாளியைப் பஞ்சோடு உட்கார வைத்துவிட்டு வந்து தள்ளினார். மூன்று பேருமாக வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். "கிளட்சுக்கும் தனியா ஒரு மாஸ்டர் சிலிண்டர் இருக்கும் இல்லீங்க?" என்று கேட்டது உங்கள் அத்தைதான். மத்தியானம் கொடுத்த வாக்கை நினைவுபடுத்தினேன். "அது பிரேக்குக்குக் கொடுத்த வாக்கு" என்று சொல்லிவிட்டாள். எனவே 'வண்டியும் நலம்' என்பதிலிருந்து 'அசையாது' என்பது வரை எல்லாவற்றையும் அடித்துவிட்டு வாசிக்கவும். கிளட்ச் சிலிண்டர் ஒன்றும் அதற்கான குறிப்புகளும் உடனே தேவை. குறிப்புகளை என் பெயருக்கு அனுப்பாமல் அவள் பெயருக்கு அனுப்பச் சொல்கிறாள். நாங்கள் தொடுவதற்கு முன்பே நீங்கள் வந்து தடுக்கலாம் என்று நினைத்தால் இந்த நிமிடமே கிளம்புங்கள். நான் உள்ளே மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியே ஷெட்டில் பானட் திறக்கும் சத்தம் கேட்கிறது.